மியூனிச்சும் யாழ்ப்பாணமும்

1931 ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தமை தமிழரின் அரசியல் வாழ்வில் நேர்ந்த பெரும் பிழை என்பது நெடுங்காலமாக ஓதப்பட்டு வரும் பாடம். வாலிப காங்கிரஸின் இளைஞர், இந்தியாவைப் பார்த்துச் சுயராச்சிய மயக்கங் கொண்டு வாசலை அடைத்தனர்; உள்ளே இருந்தோர் 1936 இல் தனிச்சிங்கள மந்திரிசபை அமைத்தனர்; இணங்கிப் போயிருந்தால் இக்கதி நேர்ந்திராது. இதுவே அப்பாடத்தின் சாரம். மேடையிலும் வகுப்பறையிலும் பெரும்பாலும் மறுப்பின்றி ஏற்கப்படும் இக்கூற்று ஆராய்ச்சியின் முன் நிற்கவல்லதா என்பதே ஈண்டு எழும் வினா.

ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கினாலே இப்பாடம் தள்ளாடத் தொடங்கும். 1931 யூனில் தேர்தல் நிகழ்ந்தபோது யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் உறுப்பினரின்றிக் கிடந்தன. அவ்வாண்டு அமைந்த மந்திரிசபையின் எழுவருள் ஒருவர் பெரி. சுந்தரம், மற்றொருவர் மாக்கான் மாக்கார். யாழ்ப்பாணம் புறத்தே நின்ற வேளையிலேயே ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் மந்திரிகளாயினர் என்பது கருதத்தக்கது. 1934 இல் இடைத்தேர்தல்கள் நடந்தன, ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அருணாசலம் மகாதேவாவும் சபையுட் புகுந்தனர். 1936 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணம் பங்கு கொண்டது. தனிச்சிங்கள மந்திரிசபை அதன் பின்னரே தோன்றியது. பகிஷ்காரமே காரணமெனின், அதன் விளைவு பகிஷ்காரம் நிலவிய காலத்தில் தோன்றாது, அது கைவிடப்பட்டு ஈராண்டு கழிந்தபின் தோன்றியது எங்ஙனம்?

காரணம் டொனமூர் அரசியற்றிட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. ஏழு நிர்வாகக் குழுக்கள், ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்யும், அத்தலைவரே மந்திரியாவார். சபையிற் பெரும்பான்மையாயிருந்தோரை ஏழு குழுக்களிலும் அளவறிந்து பங்கிட்டால் ஏழு தலைமைகளும் அவர்க்கே உரியவாகும். இக்கணக்கை வகுத்துக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. யார் வகுத்ததாயினும், நான்கு வாக்குகள் முன்னரே உள்ளே இருந்திருப்பினும் அக்கணக்குப் பிழைத்திராது. தமிழர் தமது அனுபவக் குறைவால் ஏமாந்தனர் என்பாரும் உளர். எண்ணிக்கையால் தோற்றவனுக்கு அனுபவம் என்ன செய்யும்?

இனி, இளைஞர் மறுத்தது யாதென நோக்குதல் தகும். 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு வரவேற்று, சமபந்தி போசனத்தையும் சுயமொழிக் கல்வியையும் வலியுறுத்திய இவ்வியக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் வழிகாட்டலிற் கேட்டது இன ஒதுக்கீடன்று. நாடு முழுமைக்குமான சுயராச்சியம். டொனமூர் திட்டம் அதனை வழங்கவில்லை. நிதியும் நீதியும் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் தேசாதிபதிக்குப் பொறுப்பான மூன்று அரச காரியதரிசிகளின் கையில் இருந்தன. 1939 செப்டெம்பர் 3 ஆம் திகதி பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்தபோது இலங்கையும் தானாகவே போரிற் சேர்ந்தது. போரா சமாதானமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமையற்ற சபையைச் சுயாட்சி என ஏற்க மறுத்தமை மயக்கமன்று, தெளிவு.

இணங்கிப்போதல் என்னும் கொள்கைக்கு உலகம் அறிந்த பெயர் மியூனிச். 1938 செப்டெம்பர் இறுதியில் ஹிட்லரும் முசோலினியும் சேம்பர்லினும் தலாதியேயும் கூடிச் செக்கோசிலோவாக்கியாவின் சுடேட்டன் நிலத்தை ஜேர்மனிக்குக் கொடுத்தனர். அந்நாட்டின் பிரதிநிதிகளுக்கு அம்மேசையில் இடமில்லை. அடுத்த மார்ச்சில் ஜேர்மனியப் படை பிராக்கினுட் புகுந்தது. பேசியமை அங்கே குற்றமன்று. விட்டுக்கொடுத்தமையும் தன்னளவிற் குற்றமன்று. இல்லாதவனின் உடைமையை எடுத்து, வலியவனுக்குக் கொடுத்து, அதற்குச் சமாதானம் எனப் பெயரிட்டமையே குற்றம்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குவார்க்கு இலங்கையின் மியூனிச் எங்கே நிகழ்ந்தது என்பது புலப்படும். சர்வஜன வாக்குரிமை இந்தியத் தோட்டத் தொழிலாளரையும் சேரும் என அஞ்சிய சிங்களத் தலைவர்களை இணக்கும் பொருட்டு, தேசாதிபதி ஸ்டான்லி அத்தொழிலாளரின் வாக்குரிமைக்கு நிரந்தரக் குடியிருப்பு நிபந்தனைகளை விதிக்க இசைந்தார். அதன்பின்னரே 1929 டிசெம்பரில் சட்டநிரூபண சபை டொனமூர் திட்டத்தை 19 க்கு 17 என்னும் வாக்குகளால் ஏற்றது. இரண்டு வாக்குப் பெரும்பான்மைக்குக் கொடுக்கப்பட்ட விலை, அச்சபையிற் குரலற்றோரின் உரிமை. யாழ்ப்பாணத்துப் பெரியோரும் இதில் தூயவரல்லர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வஜன வாக்குரிமையையே எதிர்த்தவர்.

இருபதாண்டுக்குள் அதே நாடகம் மறுமுறை நடந்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பொன்னம்பலம், அவ்வாண்டே மந்திரிசபையிற் சேர்ந்தார். 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தபோது அவர் அரசாங்கத்தின் பக்கம் இருந்தார். அவ்வாண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் பிரசாவுரிமையற்றோரின் வாக்கைப் பறித்தது. 1952 பொதுத்தேர்தலில் மலையகத் தொழிலாளரின் இயக்கம் ஓர் ஆசனமும் பெறவில்லை. செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவியமை இதன் எதிரொலியே. ஆயினும் 1931 ஐ எண்ணிப் புலம்பும் நாவுகளுள் எத்தனை 1949 ஐ எண்ணி வெட்கின? தன் ஆசனம் நான்கு வெறுமையாய்க் கிடந்ததை மறவாத குடாநாடு, பிறரின் வாக்குப் பறிபோனதை எளிதில் மறந்தது.

வாலிப காங்கிரஸிற் குறையே இல்லை என்பது வாதமன்று. தென்னிலங்கையும் பகிஷ்கரிக்கும் என நம்பினர். பாராட்டு வந்தது, பகிஷ்காரம் வரவில்லை. தனித்து நிற்க நேரின் அடுத்த அடி யாதென அவர் வகுத்திருக்கவில்லை. மறுப்பு ஓர் ஆயுதமாயின் அதனை ஏந்துவோர்க்குப் பின்திட்டமும் வேண்டும். இது செயன்முறைக் குறை, கொள்கைக் குறையன்று.

மறுதலையாக, எந்தப் பேச்சுவார்த்தையையும் மியூனிச் எனத் தூற்றுவோரும் வரலாற்றை அறிந்தவரல்லர். 1957 யூலையில் எழுதப்பட்ட பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் காட்டிக்கொடுப்பென இரு பக்கத்தும் ஏசப்பட்டது. அதில் உடன்பட்டமை இணங்கிப்போதலன்று. எதிர்ப்புக் கூச்சலுக்கு அஞ்சி 1958 ஏப்ரலில் அதனைக் கிழித்தமையே இணங்கிப்போதல். இவ்வேறுபாட்டை உணராதார் கையில் மியூனிச் என்னும் சொல் வெறும் வசையாகிவிடும்.

ஆகவே ஓர் உடன்பாட்டை எடைபோட முனையும் மாணவன் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டே. கொடுக்கப்படுவது எவருடையது? அவர் மேசையில் இருந்தாரா? 1931 இன் இளைஞர் தமக்குக் கிடைக்கவிருந்த நான்கு ஆசனங்களைத் துறந்தனர். பிறருடைய எதனையும் விற்கவில்லை. அவர்க்குப் பிழையெனச் சூட்டப்பட்ட பழியை அவர்க்குரியதல்லவெனக் களைதல் வரலாற்றின் கடன்.