கூண்டுக்குள் பத்து மணி நேரம்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கம்மாபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா நெய்வேலிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார். அம்மா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறைக்குப் போகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். காலை எட்டு மணிக்குப் பூட்டிய கதவு மாலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறது. தாழ்வாரத்தில் ஒரு கம்பிக்கூண்டு தொங்குகிறது. அதற்குள் ஒரு பச்சைக்கிளி.

நாளைக்குப் பத்து மணி நேரம் தனிமை. வேலை நாள்கள் ஆண்டுக்கு 300 என்றால் 3,000 மணி நேரம். நன்றாகக் கவனித்தால் கிளி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அப்படியானால் 60,000 மணி நேரம்!

இந்த வீட்டார் கொடுமைக்காரர்கள் அல்லர். கிளிக்குக் கொய்யாப்பழமும் பச்சை மிளகாயும் வாங்கி வருகிறவர்கள். அதன் பெயரைச் சொல்லிக் கொஞ்சுகிறவர்கள். ‘நாங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் கிளியை எப்படி மகிழ்ச்சியாக வைத்துக்கொள்வது?’ என்று அவர்கள் கேட்டால் அது நல்ல மனத்தில் எழும் கேள்விதான். ஆனால் கேள்விக்கு விடை தேடும் முன், கேள்வியே சரியானதா என்று பார்ப்பதுதான் விஞ்ஞானத்தின் வழக்கம். அப்படிப் பார்த்தால், பச்சைக்கிளியைப் பொறுத்தவரை ஒரே ஒரு விடைதான் இருக்கிறது என்பது என் கருத்து. அதை வளர்க்கக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

கிளியின் ஒரு நாள்

விடியற்காலையில் வயல் பக்கம் போய் நின்று பாருங்கள். கீ... கீ... என்று கத்திக்கொண்டு கிளிக்கூட்டம் அம்பு போலப் பறந்து போகும். இரை தேடிப் பல கிலோமீட்டர் போகும். சோளக் கதிரைக் கொத்தும். கொய்யாவைக் கடித்துப் பாதியில் போடும். அதன் காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு விரல்கள் பின்னோக்கியும் இருக்கின்றன. அதனால்தான் நம் கையைப் போலக் காலால் தீனியைப் பிடித்துத் தின்ன முடிகிறது. உச்சி வெயிலில் மர நிழலில் அமர்ந்து ஒன்றின் இறகை ஒன்று கோதும். அந்தி சாய்ந்ததும் நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் கூடி, பெரும் கூச்சல் போட்டுவிட்டு உறங்கும்.

ஆக, கிளியின் நாளில் பெரும்பகுதி மூன்று வேலைகளில் போகிறது: பறப்பது, இரை தேடுவது, கூட்டத்தோடு உறவாடுவது. கூண்டில் என்ன நடக்கிறது? பறக்க இடமில்லை. தீனிக் கிண்ணம் சில நிமிடங்களில் காலி. உறவாட யாருமில்லை. மூன்றும் போய்விட்டால் மிச்சம் இருப்பது என்ன? காத்திருப்பது மட்டும்தான்.

‘ஆனால் கிளி எங்களோடு பேசுகிறதே, அதுவே மகிழ்ச்சிக்கு அடையாளம் இல்லையா?’ என்று கேட்கலாம். கூட்டமாக வாழும் கிளிகள் ஒன்றின் குரலை ஒன்று கற்றுக்கொண்டு, ‘நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்று கூப்பிட்டுக்கொள்கின்றன. கூண்டுக் கிளிக்கு நாம்தான் கூட்டம். ஆகவே நம் குரலைக் கற்றுக்கொள்கிறது. அது ‘அக்கா, அக்கா’ என்று கத்துவது விளையாட்டாகவும் இருக்கலாம். துணையைத் தேடும் அழைப்பாகவும் இருக்கலாம்.

அலுப்பும் ஒரு நோய்

சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். அது நியாயமில்லை. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1977-ல் ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வாங்கி அலெக்ஸ் என்று பெயரிட்டுப் பயிற்சி கொடுத்தார். 2007-ல் இறக்கும்வரை அந்தக் கிளி நிறம், வடிவம், பொருளின் பெயர் ஆகியவற்றைக் கேட்டால் சரியாகச் சொன்னது. ஆறு வரை எண்ணியது. இத்தனை மூளை உள்ள பிராணிக்கு வேலையே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அமேசான் கிளிக்குஞ்சுகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அதன் முடிவு 2003-ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வெறும் கூண்டும் கிண்ணத்தில் தீனியும் தந்தார்கள். மற்றொரு குழுவின் கூண்டில் ஏறி விளையாடப் பொருள்களை வைத்து, தீனியையும் தேடி எடுக்கும்படி ஒளித்து வைத்தார்கள். வெறும் கூண்டில் இருந்த கிளிகள் தம் இறகுகளைத் தாமே கடித்துப் பிய்த்துக்கொள்ளத் தொடங்கின. வேலை இருந்த கிளிகளுக்கு இறகு நன்றாக இருந்தது. பிறகு முதல் குழுவுக்கும் அதே வசதிகளைக் கொடுத்தபோது அவற்றின் நிலையும் தேறியது.

2014-ல் வியன்னாவிலிருந்து வந்த ஆராய்ச்சி இன்னும் யோசிக்க வைக்கிறது. உயிரணுவின் குரோமோசோம் நுனிகளில் ‘டெலோமியர்’ என்ற பகுதி உண்டு. செருப்புக் கயிற்றின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் உறைபோல அது குரோமோசோமைக் காக்கிறது. வயது ஏற ஏற அது குட்டையாகும். தனியாக வளர்க்கப்பட்ட ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளில் அது, துணையோடு வளர்ந்த கிளிகளைவிடக் குட்டையாக இருந்தது. தனியாக இருந்த 9 வயதுக் கிளியின் டெலோமியர், துணையோடு இருந்த 23 வயது மூத்த கிளியின் டெலோமியர் அளவுக்குத் தேய்ந்திருந்ததாம். தனிமை மனத்தை மட்டுமல்ல, உயிரணுவையும் தொடுகிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2023-ல் மதுரை வனத்துறையினர், கிளி வளர்ப்போர் குறித்த நாளுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். நம் மாவட்டத்திலும் ஒன்று நடந்தது. 2024 ஏப்ரலில், தேர்தல் சமயத்தில், கடலூரை அடுத்த தென்னம்பாக்கத்தில் ஒரு வேட்பாளருக்குச் சீட்டெடுத்துக் கொடுத்த கிளி ஜோசியரை வனத்துறையினர் பிடித்தார்கள். அவருடைய கிளிகளையும் எடுத்துச் சென்றார்கள்.

கிளிகளை மீட்டது சரியே. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெருவோரம் உட்கார்ந்து நாலு காசு சம்பாதிப்பவரின் கூண்டு எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. மாடி வீட்டு வராந்தாவில் தொங்கும் கூண்டு யார் கண்ணுக்கும் படுவதில்லை. சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

‘பாட்டி காலத்திலேயே வளர்த்தார்களே, மீனாட்சியம்மன் கையிலேயே கிளி இருக்கிறதே’ என்பார்கள் சிலர். மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகளை வளர்த்தார்கள். இன்று மண்டபம் இருக்கிறது, கூண்டுகள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் வைக்கும் கிளியோ தினமும் இலைகளால் புதிதாகச் செய்யப்படுவது. கிளியைக் கொண்டாட அதைச் சிறைப்பிடிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

‘கிளி பயிரைத் தின்கிறதே’ என்று உழவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. கதிர் முற்றும் நாளில் காவல் இருந்து விரட்டட்டும். ஆனால் கூண்டுக்கு வரும் கிளி வயலில் பிடிபட்ட திருடன் அல்ல. பெரும்பாலும் அது மரப்பொந்திலிருந்து எடுக்கப்பட்ட, கண்கூடச் சரியாகத் திறக்காத குஞ்சு. அதைக் கூண்டில் அடைப்பதால் எந்த உழவருக்கும் ஒரு கதிர்கூட மிச்சமாவதில்லை.

ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால்?

கூண்டைத் திறந்து விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பல காலம் அடைந்து கிடந்த கிளிக்குச் சிறகில் வலு இருக்காது. இரை தேடத் தெரியாது. பூனையைக் கண்டு அஞ்சத் தெரியாது. அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை.

கடையில் விற்கும் பட்ஜரிகர், காக்கட்டீல் போன்ற வெளிநாட்டுப் பறவைகள் கூண்டிலேயே பிறந்தவை. அவற்றை வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற, உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களை மட்டும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். இவற்றை வெளியே விடக் கூடாது. லண்டன் நகரில் இன்று கூட்டம் கூட்டமாகப் பறக்கும் நம் பச்சைக்கிளிகள், கூண்டிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் போனவற்றின் வாரிசுகள்தாம். அயல் இனம் ஓரிடத்தில் வேர்விட்டால் உள்ளூர்ப் பறவைக்குப் பொந்து கிடைப்பது கடினமாகும்.

அப்படிப்பட்ட பறவை இருக்கும் வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள் என்றால், முதல் தேவை துணை. ஒன்றை ஒருபோதும் தனியாக வைக்காதீர்கள். குஞ்சு வேண்டாம் என்றால் கூண்டில் கலயம் கட்டாமல் இருந்தால் போதும். சிறகை முழுதாக விரித்துப் பறக்கும் அளவுக்குக் கூண்டு நீளமாக இருக்கட்டும். தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் தினைக் கதிராகவும் கம்புக் கதிராகவும் கட்டித் தொங்கவிடுங்கள். கடிக்கக் கொய்யாக் குச்சி வையுங்கள். இரவில் பத்து மணி நேரத்துக்குக் குறையாத இருட்டும் அமைதியும் வேண்டும். டெலிவிஷன் பக்கத்தில் கூண்டு கூடாது.

பீங்கான் ஊர்க்காரர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. பறவையின் உடலில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் அதன் நுரையீரலில் புதுக்காற்று ஓடுகிறது. பறப்பதற்கு இது பெரிய வரம்; நச்சுக்காற்று வந்தால் இதுவே சாபம். பிரிட்டனில் 1986 வரை நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிப் பறவையை நச்சுவாயு காட்டும் கருவியாக வைத்திருந்தது இதனால்தான். ஆகவே சூளைப் புகை வரும் பக்கம் கூண்டு வேண்டாம். அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் புகையும் பறவையைக் கொன்றுவிடும். தீனிக்குப் பீங்கான் கிண்ணம் நல்லது, கழுவ எளிது. ஆனால் கிளேஸ் என்று பட்டறைகளில் சொல்லும் மேற்பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடாது. பறவை கடிக்கும் கம்பியில் உரியும் துத்தநாகப் பூச்சும் நஞ்சுதான்.

நாம் செய்யக்கூடியது

கிளியின் அன்பு வேண்டும் என்றால் கூண்டு இல்லாமலும் கிடைக்கும். சென்னை இராயப்பேட்டையில் ஒருவர் 2004 சுனாமிக்குப் பிறகு மாடியில் அரிசி ஊறவைத்துப் போட ஆரம்பித்தார். நாளடைவில் காலையும் மாலையும் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் தாமாகவே வந்தன. ஒன்றையும் அவர் அடைக்கவில்லை.

நம் ஊரில் அதைவிடப் பயனுள்ள ஒன்றைச் செய்யலாம். பச்சைக்கிளி புதிதாக மரத்தைக் குடைந்து கூடு அமைப்பது அரிது. பெரும்பாலும் மரங்கொத்தி விட்டுப்போன பொந்தையோ, மொட்டைப் பனையின் உச்சிக் குழியையோ தேடுகிறது. பட்டுப்போன பனைதானே என்று வெட்டிச் சூளைக்கும் அடுப்புக்கும் போட்டுவிட்டால் அதன் வீடு போயிற்று. உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை மொட்டைப் பனைகள் நிற்கின்றன, எவற்றில் கிளி நுழைகிறது என்று தை முதல் சித்திரை வரை எண்ணிக் குறித்து வையுங்கள். நிலத்துக்காரரிடம் அந்தக் குறிப்பைக் காட்டி, ‘இந்த மரத்தை மட்டும் விட்டுவையுங்கள் ஐயா’ என்று கேளுங்கள். பொந்தில் கையை விடுகிறவரைப் பார்த்தால் ஆசிரியரிடமும் வனத்துறையிடமும் சொல்லுங்கள்.

பத்து மணி நேரம் வேலைக்குப் போகிற வீட்டில் கிளி மகிழ்ச்சியாக இருக்க வழி உண்டு. அந்தக் கிளியும் அதே பத்து மணி நேரம் தன் வேலைக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.