தமிழ் தலைவாஸின் ப்ளே-ஆஃப் கனவு: ஸ்டார் வீரர்கள் வந்தும் ஏன் கைகூடவில்லை?

தருமபுரியிலிருந்து பெங்களூரு சுமார் 130 கி.மீ. சென்னையோ சுமார் 300 கி.மீ. இண்டூர், பென்னாகரம் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு வேலை, வாடகை ரூம், வார நாள் சாப்பாடு எல்லாமே பெங்களூருதான். ஆனால் புரோ கபடி ஆரம்பித்துவிட்டால் மனசு சென்னைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஏற்கெனவே கோப்பை வென்ற பெங்களூரு புல்ஸை விட்டுவிட்டு, ஒரு ஃபைனல்கூட ஆடாத தமிழ் தலைவாஸுக்காக ராத்திரி போனைத் திறந்து வைத்து உட்கார்கிறார்கள். பொங்கலுக்கு ஊர்த் திடலில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வெறும் டைம்பாஸ் இல்லை.

"இந்த வாட்டியாவது ப்ளே-ஆஃப் போகுமா?" என்ற கேள்வி ஒவ்வொரு சீசனும் வருகிறது. பதில் ஏன் பெரும்பாலும் 'இல்லை' என்றே முடிகிறது?

இதுவரை என்ன நடந்தது?

தலைவாஸ் லீக்கில் நுழைந்தது 2017-ல், 5-வது சீசனில். அஜய் தாக்கூர் கேப்டனாக இருந்தும் தன் பிரிவில் கடைசி இடம். அடுத்த சீசனிலும் அதே கதை. 2019-ல் ஏற்கெனவே இருந்த அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லரோடு ராகுல் சவுத்ரி என்ற பெரிய பெயரையும் சேர்த்தார்கள். பேப்பரில் பார்த்தால் அதுதான் மிரட்டலான டீம். முடிவு? 12 அணிகளில் 12-வது இடம். 8-வது சீசனில் ஒரே ஒரு படி ஏறி 11-வது.

2022-ல் மட்டும் எப்படி நடந்தது?

பெங்களூரு புல்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பவன் ஷெராவத்தை 9-வது சீசனுக்காக ரூ.2.26 கோடிக்கு எடுத்தது தலைவாஸ். இண்டூர் ரசிகர் கண்ணோட்டத்தில் பக்கத்து வீட்டு ஹீரோ நம் வீட்டுக்கே வந்த மாதிரி. ஆனால் முதல் போட்டியிலேயே அவருக்குக் காயம். அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில்தான் கதை மாறியது. அறிமுக வீரர் நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். சாகர், சாகில் குலியா, அபிஷேக், மோஹித், ஹிமான்சு என்று இளம் டிஃபெண்டர்கள் சேர்ந்து பிடித்தார்கள். சீசன் நடுவில் அஷன் குமார் கோச்சாக வந்தார். லீக் சுற்றில் 5-வது இடம். எலிமினேட்டரில் உ.பி. யோத்தாஸுடன் 36-36 என்று சமன் ஆகி, டை-பிரேக்கரில் 6-4 என வெற்றி. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோல்வி. தலைவாஸ் ப்ளே-ஆஃப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஸ்டார் இருந்தும் ஏன் சறுக்கல்?

ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் செலவு உச்சவரம்பு உண்டு. 2024-ல் அது ரூ.5 கோடி. அதில் ரூ.2.15 கோடியை சச்சின் தன்வர் ஒருவருக்கே கொடுத்தது தலைவாஸ். அதாவது 43 சதவீதம். மீதிப் பணத்தில்தான் மற்ற எல்லோரையும் சமாளிக்கணும். அந்த சீசனில் கிடைத்தது 9-வது இடம்.

ஊர்க் கபடி பார்த்தவர்களுக்கு இது புரியும். பாடிப் போவது ஒருத்தர். ஆனால் பிடிப்பதற்கு ஏழு பேரும் ஒரே நேரத்தில் அசையணும். கார்னரில் நிற்பவர் காலைப் பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் அரை நொடி தாமதித்தாலும் புள்ளி போய்விடும். அந்தப் புரிதல் சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும், ஏலத்தில் வாங்க முடியாது.

2025-ல் அதே பாடம் மறுபடியும். பவனைத் திரும்ப எடுத்தார்கள். அர்ஜுன் தேஷ்வாலை ரூ.1.40 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். முதல் போட்டியில் தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என வென்றதும் ரசிகர்கள் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்தார்கள். ஆனால் சீசன் நடுவிலேயே கேப்டன் பவன் அணியிலிருந்து விலக நேர்ந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்றது நிர்வாகம். பவன் அதை மறுத்தார். கேப்டன் பொறுப்பு அர்ஜுனுக்குப் போனது. ப்ளே-ஆஃப் வாய்ப்பும் கைநழுவியது.

கணக்கும் மாறியிருக்கு

முன்பு வெற்றிக்கு 5 புள்ளி, சமன் ஆனால் 3, 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி. 2025-ல் வெற்றிக்கு 2, தோல்விக்கு 0 என்று மாற்றினார்கள். சமன் ஆனால் டை-பிரேக்கர். 'கொஞ்சத்துல தோத்தோம்' என்பதற்கு இனி மதிப்பே இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் பதறாத அணிக்குத்தான் லாபம்.

அதே சமயம் கதவு அகலமாகியிருக்கு. முன்பு முதல் 6 அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. 2025-ல் 8 அணிகளுக்கு. 12-ல் 8-க்குள்கூட வர முடியவில்லை என்பதுதான் ரசிகர்களின் உண்மையான வலி.

அடுத்த சீசனில் எதைக் கவனிக்கணும்?

ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்பதைவிட, எத்தனை டிஃபெண்டர்களைத் தலைவாஸ் தக்கவைக்கிறது என்று பாருங்கள். கோச் மாறாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். இளம் வீரர்களுக்குத் தொடர்ந்து வாய்ப்பு கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2022-ன் அந்த அணியில்கூட கலக்கிய சாகர், நரேந்தர் இருவருமே ஹரியானாக்காரர்கள். ஆனால் தமிழ்நாட்டில் ஆள் இல்லாமல் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியா கபடியில் இரட்டைத் தங்கம் வென்றபோது, சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷும் அந்த அணிகளில் இருந்தார்கள். தமிழ்நாடு அரசு தலா ரூ.25 லட்சம் பரிசும் கொடுத்தது.

ஜெர்சியில் 'தமிழ்' என்று இருப்பதற்காகவே பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு சென்னைக்குக் கைதட்டுகிறார் இண்டூர் ரசிகர். பொங்கல் திடலில் அவர் பார்த்த மாதிரி பசங்க இரண்டு பேராவது ஆடும் ஏழு பேரில் இருந்தால், தோற்ற ராத்திரியிலும் அவர் போனை அணைக்க மாட்டார்.