கொண்டை முடிக்கும் கை

சென்ட்ரலுக்குள் நுழையவேண்டிய வண்டிகள் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நின்றுவிடுவது நம்மில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. ஊர் வந்துவிட்டது, வண்டி மட்டும் நகராது. அந்தச் சில நிமிடங்களில் பெட்டிக்குள் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். இரவெல்லாம் படுத்து வந்த பெண்கள் கலைந்த கூந்தலை அவிழ்த்து, உதறி, மறுபடி முடிப்பார்கள். கண்ணாடி கிடையாது. வாயில் இரண்டு ஊசி, கவனமெல்லாம் குழந்தையின் மேலோ பெட்டியின் மேலோ. கைகள் மட்டும் தலைக்குப் பின்னால் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வண்டி நகரும்போது கொண்டை முடிந்திருக்கும்.

இந்தக் காட்சியை நான் பல வருடங்களாகப் பொறாமையுடன் பார்த்துவருகிறேன். என்னுடைய கூந்தல் நீளமானது, நூல்போல நேரானது, வழுக்குவது. எத்தனை ஊசி குத்தினாலும் கால் மணி நேரத்தில் கொண்டை தளர்ந்து முதுகில் இறங்கிவிடும். 'கூந்தல் உள்ள சீமாட்டி எப்படியும் கொண்டை முடிவாள்' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அதைச் சொன்னவர் கொண்டை முடிந்தவராக இருக்க முடியாது என்பது என் துணிபு. உடைமை இருந்தால் போதும், வித்தை தானே வந்துவிடும் என்கிறது அந்தப் பழமொழி. நம் இலக்கியமும் பெரும்பாலும் அதன் பக்கமே நிற்கிறது என்பதுதான் என் மனக்குறை.

குறுந்தொகையின் இரண்டாம் பாடலை அறியாத தமிழ் வாசகர் இருக்க முடியாது. இறையனார் பெயரில் உள்ள அப்பாடலைச் சுற்றிப் பிற்காலத்தில் ஒரு கதை வளர்ந்தது. பெண்ணின் கூந்தலுக்கு மணம் பிறவியிலேயே உண்டா, பூவினால் வருகிறதா என்று பாண்டியனின் அவை வாதாடுகிறது. சிவனே வந்தும் நக்கீரர் விட்டுக்கொடுப்பதில்லை. 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் அந்த வாதத்தைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தது. ஓர் அவை முழுக்கக் கூந்தலைப் பற்றிப் பேசியிருக்கிறது. அந்தக் கூந்தலை அன்று காலையில் முடித்த கை யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றொரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்பது பொருள். உச்சியில் முடிப்பது முடி, பக்கத்தில் முடிப்பது கொண்டை, பின்னே செருகுவது சுருள், சுருட்டி முடிப்பது குழல், பின்னி விடுவது பனிச்சை என்று விளக்குவார்கள். அளகம், துஞ்சை, தொங்கல் என்று வேறு பெயர்களைச் சேர்த்துச் சொல்லும் பட்டியல்களும் உண்டு. பெயர்களை இவ்வளவு அக்கறையோடு காத்துவந்தவர்கள் செய்முறையில் ஒரு வரியைக்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பின்னே செருகுவது சரி, செருகியது அவிழாமல் நிற்பது எப்படி?

காவியத்துக்கு வந்தால், அவிழ்ந்த கூந்தலுக்கே அங்கே மதிப்பு. கண்ணகியின் விரிந்த கூந்தலும் பாஞ்சாலியின் விரிந்த கூந்தலும் நீதி கேட்கின்றன. கூந்தலை முடிப்பேன் என்பது பாஞ்சாலியின் சபதம். அது நிறைவேற ஒரு பெரும்போர் வேண்டியிருக்கிறது. போர் முடிந்து கூந்தலை முடித்த அந்தக் கணமோ விரைவாகக் கடந்துபோகிறது. அந்தக் கணத்துக்காகத்தானே எல்லாம் நடந்தது?

கவிதை கையேடு அல்ல, அதனிடம் செய்முறையைக் கேட்பது நியாயமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கலாம் என்றே நினைக்கிறேன். அதே குறுந்தொகையின் 167-ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு சமையலைக் காட்டுகிறார். புதிதாக மணமான பெண் தயிரைப் பிசைகிறாள். பிசைந்த விரல்களை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படுகிறது. விரல், ஆடை, புகை என்று எல்லாவற்றையும் புலவர் பார்த்திருக்கிறார். ஆக, நம் புலவர்களுக்குக் கையைப் பார்க்கத் தெரியும். கூந்தல் என்று வந்தால்தான் பார்வை கையைத் தாண்டிப் போய்விடுகிறது. சமையலை உண்பவன் கணவன். கூந்தலை முடிப்பதோ பெண் தனக்காக, பெரும்பாலும் தனியாகச் செய்துகொள்வது. பார்வை அங்கே நிற்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

எனக்கு அந்த வித்தையைச் சொல்லித்தந்தவர் காலிக் கூடையோடு எண்ணூர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மா. மின்சார ரயிலில், மகளிர் பெட்டியில், பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் என் கொண்டை மூன்றாவது முறையாக அவிழ்ந்தது.

"இன்னா கண்ணு, இன்னிக்குத்தான் தலைக்கு ஊத்திக்கினியா?"

"ஆமாம் ஆயா."

"அதான் நிக்கல. திரும்பு. முடிய இழுத்துக் கட்டாத, முறுக்கு. முறுக்கினா அதுவே சுருண்டுக்கும்."

கொருக்குப்பேட்டை வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவர் சொன்னதன் பொருளை நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மயிரிழையின் மேலும் மீன்செதில் போன்ற நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் சொரசொரக்கும். புதிதாகக் கழுவிய நேரான கூந்தலில் இழைக்கு இழை பிடிப்பு குறைவு. முறுக்கும்போது இழைகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. அழுத்தம் கூடக்கூடப் பிடிப்பும் கூடுகிறது. முறுக்கு உச்சத்துக்குப் போனால் கயிறு தானே மடிந்து வட்டமாகச் சுருள்கிறது. அந்தச் சுருளின் போக்கிலேயே சுற்றி, நுனியை அடியில் செருகிவிட வேண்டும். அதற்கும் அடங்காத கூந்தலை முதலில் தளர்வாகப் பின்னிக்கொண்டு பிறகு சுற்றலாம். பின்னலின் மேடுபள்ளங்கள் ஒன்றில் ஒன்று பொருந்திக்கொள்ளும்.

கொண்டை ஊசியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் ஊசியை நேராகக் குத்திக்கொண்டிருந்தேன். அது குத்திய வழியிலேயே வெளியே வந்துவிடும். ஊசியின் முனையால் முதலில் கொண்டையின் ஓரத்தில் சில இழைகளைப் பிடிக்க வேண்டும். பிறகு தலையோடு ஒட்டிய இழைகளையும் சேர்த்துப் பிடித்து, ஊசியைத் திருப்பிக் கொண்டையின் நடுப்பகுதியை நோக்கிச் செலுத்த வேண்டும். மலைப்பாதைத் திருப்பத்துக்குக் கொண்டை ஊசி வளைவு என்று பெயர் வைத்தோம். ஊசியையும் அப்படித் திருப்ப வேண்டும் என்பது எனக்கு நாற்பது வயதுவரை தெரியவில்லை. இப்படிச் செய்தால் பத்து ஊசியின் வேலையை மூன்று ஊசி செய்கிறது.

இனி அழகு. கொண்டையை உச்சிக்கு ஏற்றினால் முகம் நீண்டு தெரியும். வட்ட முகத்துக்கு அது பொருந்தும். பிடரியில் தாழ்த்திக் காதோரம் சற்றே தளர்த்தினால் என்னைப்போல் நீண்ட முகமுள்ளவர்களுக்கு நல்லது. ஆயா என் கொண்டையைப் பிடரியில்தான் போட்டார். முகத்தைப் பார்த்துத்தான் போட்டாரா என்று கேட்டேன். சிரித்தார். "மேல போட்டா சும்மாடு எங்க வெப்ப? கூடை எப்டி நிக்கும்?" என் முகத்துக்குப் பொருத்தமானது என்று இன்று எல்லோரும் சொல்லும் அந்தக் கொண்டை, சுமை தூக்கும் தலை கண்டுபிடித்த வடிவம்.

அமெரிக்காவில் 1960-இல் புகழ்பெற்ற 'தேன்கூடு' கொண்டையை உருவாக்கியவர் சிகாகோவின் சிகையலங்காரக் கலைஞர் மார்கரெட் வின்சி ஹெல்ட் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு கொண்டைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. நம்முடைய கோடாலி முடிச்சுக்கும் சொருகு கொண்டைக்கும் அப்படி ஆசிரியர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் அவை பல தலைமுறைக் கைகள் சேர்ந்து திருத்திய படைப்புகள் என்ற நினைப்பாவது நமக்கு வேண்டும்.

என் அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். கொண்டை பெரியவர்களின் விஷயமாக இருந்தது. நான் பெரியவளானபோது கடைகளில் கிளிப் வந்துவிட்டது. கிளிப்பை நான் குறை சொல்லவில்லை. அவசரத்துக்கு அதுவே துணை. ஆனால் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளவேண்டிய ஒன்றைக் கேட்காமலே இருந்துவிட்டேன். அவர் இப்போது இல்லை. கேட்காமல் விட்டதை முன்பின் தெரியாத ஒருவர் ஓடும் ரயிலில் சொல்லித்தந்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் எதிரில் வந்து உட்காருவார் என்று சொல்ல முடியாது.

பாட்டிகளின் சமையலையும் கோலங்களையும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். கொண்டையையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். எந்த ஊரில் எப்படி முடிந்தார்கள், எந்த வேலைக்கு எந்த முடிச்சு, அதற்கு என்ன பெயர் என்பதை, முடியத் தெரிந்த கைகள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அந்த மதியம் ஆயா எண்ணூரில் இறங்கிப் போனார். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இரவு படுக்கும்வரை கொண்டை அவிழவில்லை.