கூலி எழுதாத விலைச்சீட்டு

பத்தமடைப் பாயை நாம் வாங்கிய அளவுக்கு விரித்ததில்லை. கல்யாணத்துக்கு எடுப்போம். மாப்பிள்ளை, பெண் பெயரும் முகூர்த்தத் தேதியும் நெசவிலேயே விழுந்திருக்கும். சபையில் நாலு பேர் தொட்டுப் பார்த்து "பட்டு மாதிரில்லா இருக்கு" என்பார்கள். அப்புறம் சுருட்டிப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவோம். தினப்படி படுக்கைக்கு பிளாஸ்டிக் பாய். கழுவி உதறினால் காய்ந்துவிடுகிறது, குழந்தை நனைத்தாலும் கவலையில்லை, கிழிந்தால் வேறு வாங்கலாம். வெளியூர்க்காரர் யாராவது வந்தால் மட்டும் "எங்க பக்கத்துப் பாய் தெரியுமா, புவிசார் குறியீடு வாங்குனது" என்று பெருமை பேசுவோம். பெருமை பேசச் செலவில்லை.

நாம் என்று சொல்வதில் வாங்குகிறவர்கள், வாங்கி விற்கிறவர்கள், வீட்டோடு சேர்ந்த சின்னத் தொழிலாக நடத்துகிறவர்கள் மூன்று தரப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்றில் இரண்டு இடத்திலாவது நானும் நின்றிருக்கிறேன். இன்று இந்தத் தொழிலில் கடன் ஏறி, சரக்கு தேங்கி, "எதையாவது மாற்றியாக வேண்டும்" என்று உட்கார்ந்து பேசும் நிலை வந்திருக்கிறது. அப்படிப் பேசும்போது முதலில் பிளாஸ்டிக்கைத் திட்டுகிறோம். பிறகு கரூர்ப் பக்கத்து விசைத்தறிக் கோரைப்பாயைத் திட்டுகிறோம். இரண்டும் நம்மை இடித்தது உண்மைதான். ஆனால் அவை வருவதற்கு முன்பே நம் கணக்குப் புத்தகம் பொய்யாக இருந்தது என்பதை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

அந்தப் பொய் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பாய் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுக்கிறார்கள். முற்றிவிட்டால் ஒடியும். காயவைப்பதிலும் பதம் இருக்கிறது: வெயில் கூடினால் நிறம் கெடும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததைக் கத்தியால் கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, மெல்லிய இழைகளாக்க வேண்டும். அதை ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து மறுபடி உலர்த்த வேண்டும். சிவப்புக்கு ஒரு காலத்தில் சப்பங்கக் கட்டையைக் கொதிக்கவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயம். பாவுக்குப் பருத்தி நூலோ பட்டு நூலோ. தரையோடு கிடக்கும் தறியில் ஒருவர் அச்சை இழுத்து அடிக்க, இன்னொருவர் நீளக் குச்சியின் நுனியில் கோரை இழையை மாட்டி உள்ளே நுழைப்பார். ஒற்றை ஆளால் ஆகாது. பாயின் நேர்த்தியை 'கவுண்ட்' கணக்கில் சொல்வார்கள். 100க்கு மேல் போனால் துணியைப் போல மடித்து எடுத்துப்போகலாம். 140 கவுண்ட் வரை நெய்த கைகள் அந்த ஊரில் உண்டு. பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள். நேர்த்தியான ஒரு பாய்க்கு வாரக்கணக்கு ஆகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, நெசவு மட்டும் இரண்டு பேருக்கு 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். 40 ஆள்நாள். நூறு நாள் வேலைத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். வரப்பு வெட்டவும் குளம் தூர்வாரவும் நிர்ணயித்த அந்தக் கூலியையே இந்த விரல்களுக்குப் போட்டாலும் 12,760 ரூபாய் ஆகிறது. கோரை, நூல், சாயம், கீறியவருக்கும் ஊறவைத்தவருக்கும் உள்ள கூலி, கடை வாடகை, கடன் வட்டி எதுவும் இதில் சேரவில்லை. கல்யாண பட்ஜெட்டில் பாய்க்கு என்று இந்தத் தொகையை நம்மில் யார் ஒதுக்கினோம்? மண்டபத்து மேடை அலங்காரத்துக்குக் கேட்டதை வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு, பாய்க்காரரிடம் வந்து "என்னக்கா, இம்புட்டு சொல்லுதிய, பாய்தானே" என்று ஆரம்பித்தோம். பாதியில் முடிந்ததும் நல்ல சாமர்த்தியம் என்று நம்மையே மெச்சிக்கொண்டோம்.

அவர்களாலும் பாதிக்குக் கொடுக்க முடிந்ததே, எப்படி? வீட்டுப் பெண்களின் கூலி விலையில் ஒருபோதும் இல்லை, அதனால். நம் சிறுதொழில் கணக்கு நோட்டுகளில் கோரைக் கட்டு இத்தனை, நூல் இத்தனை, வண்டி வாடகை இத்தனை என்று எல்லாம் வரும். அம்மாவும் மதினியும் தறியில் உட்கார்ந்த நாட்களுக்கு ஒரு வரி இருக்காது. "வீட்டு ஆளுதானே" என்ற ஒரு சொல்லில் பெரிய செலவு காணாமல் போகும். மிச்சம் நிற்பதை லாபம் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையில் கடையை நீட்டினோம், கண்காட்சிகளில் இடம் பிடித்தோம், நகையை அடகு வைத்துச் சரக்குச் சேர்த்தோம். அந்தப் பெண்களுக்கு முதுகும் கண்ணும் ஓய்ந்து, அடுத்த தலைமுறை தறிக்கு வர மறுத்து, கூலிக்கு ஆள் வைக்க வேண்டிய நாள் வந்தபோதுதான் உண்மை விலை தெரிந்தது. அதற்குள் ஊரெல்லாம் நம் பொய் விலைக்குப் பழகியிருந்தது. பழக்கியது நாம்.

அடுத்த தலைமுறை ஏன் வரவில்லை என்பதற்கும் நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை." அதே பிள்ளைகள்தான் முதுகு வளைய பீடி சுற்றினார்கள். பொறுமை இல்லாத வேலையா அது? நெல்லை மாவட்டத்துப் பெண்களுக்குப் பீடி ஒன்றும் பிரியமான தொழில் இல்லை; ஆனால் வாரம் பிறந்தால் கூலி வந்தது, முறையாகக் கார்டு இருந்தவர்களுக்கு பி.எஃப். பிடித்தம் இருந்தது. பாய்க்கோ, "வித்ததும் தாரேன்" என்றோம். எப்போது விற்கும் என்று நமக்கே தெரியாது. கோரை முடைவது கலை என்று மேடையில் பேசினோம், கூலியை மட்டும் சீட்டுக் குலுக்கல் மாதிரி வைத்திருந்தோம். அவர்கள் பீடித்தட்டை எடுத்துக்கொண்டது தெளிவான முடிவு.

வாங்கி விற்ற நாமும் சளைத்தவர்கள் இல்லை. கடைகளில் சரக்கை வைத்துப் பார்ப்போம், போனால் பணம், போகாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாடு நமக்கு எவ்வளவு வசதி! முதல் போட வேண்டாம், நஷ்டப்படவும் வேண்டாம். வெயில் பட்டு நிறம் மங்கிய பாயை ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பினோம். குறுந்தொழில், சிறுதொழில் செய்பவரிடம் வாங்கிய பொருளுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான். அந்தக் கெடுவைத் தாண்டினால், பணத்தைக் கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் இன்னொரு பிடியும் வந்திருக்கிறது. இத்தனையும் இருந்து என்ன? நாம் தேதி போட்டுப் பில் எழுதினால்தானே! துண்டுச் சீட்டில் "பாய் 6" என்று கிறுக்கி மடித்துக் கொடுத்தோம். சிறுதொழில் என்று அரசிடம் பதியும் உத்யம் பதிவு இலவசம், கைபேசியிலேயே முடியும். அதையும் "அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று விட்டோம். பேச்சில் நடந்த வியாபாரத்துக்குச் சட்டம் எங்கே வந்து நிற்கும்?

கையிருப்பு வறண்டபோது எதை வெட்டினோம் என்பதுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது. கடை வாடகையைக் கட்டினோம், ஏனென்றால் கட்டிடக்காரர் வந்து நிற்பார். வட்டியைக் கட்டினோம், ஏனென்றால் வட்டிக்காரர் சத்தம் போடுவார். பளபளப்பான அட்டைப்பெட்டிக்கும் பணம் போனது. "இந்த வாரம் பொறுத்துக்கிடுங்கம்மா" என்று நாம் சொன்னது தறியில் இருந்தவர்களிடம் மட்டும். சத்தம் போடமாட்டார்கள் என்று தெரிந்தே சொன்னோம்.

ஆற்றையும் விட்டுவைக்கவில்லை. கோரைக்கு ஓடும் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்பது இந்த நெசவின் அடிப்படை. நாமோ பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை அவிழ்த்து ஆற்றிலேயே விட்டோம். தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடி விட்டோம். கீழே ஊர் ஊராகச் சாக்கடையைத் திறந்துவிட்டதும் நம் வீட்டுக் குழாய்கள்தான். ஆற்றங்கரையில் பிறந்த பொருளுக்குக் கோரையை வேறு மாவட்டத்திலிருந்து வரவழைக்கலாமா என்று யோசிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறோமே, அது ஒரே நாளில் நடந்ததா?

இனிச் செய்ய வேண்டியது பெரிய ரகசியம் இல்லை. கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றுதான் கை முதலில் போகும். முத்ரா கடன் திட்டத்தில் பிணை இல்லாமல் கிடைக்கிறது, கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பாயிலும் நஷ்டப்படுகிற கடைக்குக் கடன் கிடைத்தால் இன்னும் அதிகப் பாய் நெய்து இன்னும் அதிகம் நஷ்டப்படும். அதனால் விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு நோட்டு. மூன்று மாதத்துக்கு யார் எத்தனை மணி நேரம் தறியில் இருந்தார்கள், யார் கீறினார்கள், யார் சாயம் போட்டார்கள் என்று அன்றன்று எழுத வேண்டும், வீட்டு ஆளானாலும். அடுக்களைச் செலவும் கடைக் கல்லாவும் ஒரே டப்பாவில் கிடப்பதைப் பிரிக்க வேண்டும். அந்த நோட்டைப் பார்த்தால் எந்தப் பொருள் நம்மைத் தின்கிறது என்று தெரிந்துவிடும்.

தின்பது பெரும்பாலும் நடுத்தரப் பாய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விசைத்தறிப் பாயோடு விலையில் மோத முடியாது, நேர்த்திப் பாயின் மதிப்பும் அதற்கு இல்லை. மனசு கேட்காமல் அதை நெய்துகொண்டே இருக்கிறோம், தறி சும்மா கிடக்கக் கூடாதென்று. அதை நிறுத்துவதற்குத் துணிச்சல் வேண்டும். அதற்குப் பதில் சாப்பாட்டு மேசை விரிப்பு, கைப்பை, கோப்பு உறை போன்ற சின்னப் பொருள்கள் சீக்கிரம் முடிந்து சீக்கிரம் காசாகும். வாரக்கூலியை அந்தக் காசு தாங்கும். அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பையாகவே தைத்துக்கொண்டிருந்தால் 100 கவுண்ட் பாய் நெய்யும் கை மறந்துபோகும். ஆகவே நேர்த்திப் பாயைத் தேக்கி வைக்காமல், கேட்டவருக்கு மட்டும், முன்பணம் வாங்கி நெய்வது ஒன்றே வழி. ஏற்கனவே அலமாரியில் கிடக்கும் பழைய சரக்கை அசலுக்குக் கீழே போனாலும் ஒருமுறை தள்ளிவிடலாம். அதில் வருகிற பணம் முதலில் நிலுவைக் கூலிக்கு. வட்டிக்காரரிடம் "இந்த மாசம் பொறுத்துக்கிடுங்க" என்று ஒருமுறையாவது நாம் சொல்லிப் பார்க்கலாம்.

விலை ஏறும், வாங்குகிறவர் குறைவார். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. எல்லாத் தறியும் திரும்ப ஓடாது, போன பெண்களில் பலர் வரமாட்டார்கள், வரச் சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை. இருக்கிற சில தறிக்கு நியாயமான கூலி கொடுத்து நடத்தினால் போதும் என்று கணக்கைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். விலைச்சீட்டிலேயே பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு, கடைச் செலவு இவ்வளவு என்று பிரித்து எழுதினால், பேரம் பேச வருகிற நமக்குக் குறைக்கச் சொல்வது யாருடைய பங்கை என்றாவது தெரியும்.

வாங்குகிற நமக்கும் வேலை உண்டு. தை முகூர்த்தத்துக்குப் பாய் வேண்டுமென்றால் மார்கழியில் போய் நிற்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் கோரை உலராது. ஆவணியிலேயே சொல்லி, பாதிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணம்தான் நெய்கிறவர்களுக்கு வாரா வாரம் கூலியாகப் போகும். மாப்பிள்ளை, பெண் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும், பத்திரிகையில் இருக்கிற அதே எழுத்தில். பாதி நெய்தபின் வந்து 'ஸ்ரீ'யை 'சிறீ'யாக்கு, எண் கணிதப்படி ஒரு எழுத்துக் கூட்டு என்று கேட்கிற வழக்கமும் நம்மிடம் உண்டு. நெய்யத் தொடங்கியபின் பெயர் மாற்ற இயலாது என்று கடைக்காரர்கள் ரசீதிலேயே அச்சடித்துவிடலாம், தேதியையும் நிலுவைத் தொகையையும் அதன் கீழே எழுதி.