சாக்கடைக்கும் ஒரு வாசற்படி உண்டு

ஜொகூர் பாருவிலிருந்து ஒரு தாயார் எழுதிக் கேட்டிருக்கிறார்: "தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் மகன், தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் முலாம் பூசும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். தொட்டிக் கழிவைச் சுத்தம் செய்து, சோதித்துப் பார்த்த பிறகுதான் குழாயில் விட வேண்டுமாம். எப்படியும் சாக்கடைக்குப் போகிற தண்ணீருக்கு ஏன் இத்தனை கெடுபிடி?"

நியாயமான கேள்வி அம்மா. இதற்குப் பதில் அந்தக் குழாயின் மறுமுனையில் இருக்கிறது.

நகரத்துச் சாக்கடைக் குழாய் சுத்திகரிப்பு நிலையத்தில் போய் முடிகிறது. அங்கே முக்கால்வாசி வேலையைச் செய்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். பெரிய தொட்டிகளில் காற்றைச் செலுத்தினால் அவை பெருகி, கழிவிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்கும். தாய்மார்களுக்கு இது புதிய சங்கதியல்ல. இரவில் உறை ஊற்றிய பால் காலையில் தயிராவதும் கிருமிகளின் வேலைதான். கொதிக்கிற பாலில் உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் உறையாது. கிருமி செத்துவிடும்.

முலாம் தொட்டியின் அமிலமும் சயனைடும் குரோமியமும் மொத்தமாக வந்து சேர்ந்தால் சுத்திகரிப்பு நிலையத்திலும் இதே கதிதான். ஒரு தொழிற்சாலை செய்த காரியத்தால் ஊரார் கழிவெல்லாம் சுத்தமாகாமல் நின்றுவிடும். செம்பையும் நிக்கலையும் எந்தக் கிருமியாலும் தின்று தீர்க்க முடியாது. அவை சேற்றில் படியும்; இல்லாவிட்டால் தண்ணீரோடு வெளியேறும்.

போகிற வழியிலும் ஆபத்துண்டு. அமிலம் கான்கிரீட் குழாயை அரிக்கும். சயனைடு கலந்த நீரோடு அமிலம் சேர்ந்தால் உயிரைக் குடிக்கும் நச்சுவாயு கிளம்பும். குழாயைப் பழுதுபார்க்கக் குழிக்குள் இறங்குகிறவரும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே?

இதனால்தான் சிங்கப்பூரில் ஆலை வாசலிலேயே கழிவை மறித்துச் சோதிக்கிறார்கள். அங்கே 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி பெற்றே ஆலைக் கழிவைக் குழாயில் விடலாம். சூடு 45 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. மிதக்கும் தூசு தும்பு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். உணவுத் தொழிற்சாலைக் கழிவு கிருமிகளுக்குத் தீனி என்பதால், அது வரம்பை ஓரளவு மீறினாலும் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்கிறார்கள். உலோக நஞ்சுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2003 முதல் அங்கே சுத்திகரித்த கழிவுநீரை மேலும் வடிகட்டி 'நியூவாட்டர்' என்று மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். இன்று குழாயில் விட்டது நாளை திரும்பி வரும் ஊர் அது.

பணக்கார நகரத்துக்குத்தான் இதெல்லாம் கட்டுப்படியாகும் என்று நினைக்க வேண்டாம். நம் தோட்டங்களே சாட்சி. செம்பனை ஆலைக் கழிவு ஆற்றில் கலந்து மீன் செத்து மிதந்ததும், நாற்றம் தாங்காமல் லயத்துக் கதவுகளை அடைத்ததும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கழிவின் அழுக்கைத் தின்று தீர்க்கக் கிருமிகளுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவைப்பட்டது. 1977இல் மலேசிய அரசாங்கம் விதிமுறை கொண்டுவந்தது. ஆற்றில் விடும் நீருக்கு 1978இல் 5,000 என்று வைத்த வரம்பைப் படிப்படியாக இறக்கி, 1984இல் 100 ஆக்கியது. ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் வெட்டினார்கள். அங்கேயும் வேலை பார்த்தவை கிருமிகள்தான். எண்ணெய்த் தொழில் படுத்துவிடவில்லை. பல மடங்கு வளர்ந்தது.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். 111 பள்ளிகளை மூட நேர்ந்தது. அவதிப்பட்டவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள்.

இனி உங்கள் மகனுக்குச் சில வார்த்தைகள். சட்டம் எழுதுவது அரசாங்கம். ஆனால் கழிவு வால்வைத் திறப்பது தொழிலாளியின் கை. "இரவில் திறந்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது?" என்று மேலாள் சொன்னால், "எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேட்கட்டும். வாயால் சொல்பவர்கள் பலர் எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்தால் போதும் என்றால் நம்ப வேண்டாம். ஒரு குடம் தண்ணீரில் கரைத்தாலும் பத்துக் குடத்தில் கரைத்தாலும் நஞ்சின் எடை குறையாது. அமிலக் கழிவையும் சயனைடு கழிவையும் ஒரே தொட்டியில் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. மூடியிருந்த தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ, காற்றைச் சோதிக்காமல் இறங்கவே கூடாது. இதில் கூச்சமும் வேண்டாம், வீரமும் வேண்டாம்.

மகன் செய்வது வீண் வேலை அல்ல, அம்மா. அவன் அளந்து பார்த்து விடுகிற தண்ணீரை நம்பித்தான் ஒரு நகரமே குழாயைத் திறக்கிறது.