நமக்கான புத்தகத்துக்கு நாமே ஓட்டுப் போடலாமா?



போன வருஷம் ஆண்டு விழாவில் கட்டுரைப் போட்டிக்கு எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு என்ன தெரியுமா? அப்துல் கலாம் ஐயாவின் வாழ்க்கை வரலாறு, சின்னப் புத்தகம். வீட்டில் ஏற்கெனவே அதே மாதிரி இரண்டு இருந்தது. ஆறாம் வகுப்பில் ஒன்று, ஏழாம் வகுப்பில் ஒன்று. அக்கா பார்த்துட்டு, "ராமேஸ்வரத்தில் பிறந்தார், பேப்பர் போட்டார், ராக்கெட் விட்டார், ஜனாதிபதி ஆனார். அவ்ளோதானே?" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மூன்று புத்தகத்திலும் அவ்வளவுதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் நூலகத்தில் 'அக்னிச் சிறகுகள்' எடுத்தேன். கலாம் ஐயா அருண் திவாரியுடன் சேர்ந்து எழுதி, 1999-இல் ஆங்கிலத்தில் வந்த சுயசரிதையின் தமிழாக்கம். ராக்கெட் வரும் இடமெல்லாம் பாதி புரியவில்லை. ஒரு இடம் மட்டும் நன்றாகப் புரிந்தது. நம்ம பக்கத்து குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி. கல்லூரியில் அவருக்கு இடம் கிடைக்கிறது. சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். 1950-களில் ஆயிரம் ரூபாய் என்றால் சும்மாவா? அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுக்கிறார். நானே சம்பாதித்து அதைத் திருப்பிக் கொடுப்பேன் என்று தம்பி உறுதி எடுக்கிறார்.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என் அக்காவைப் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். காலேஜ் போகாமல் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். அப்பாவின் ஆபரேஷனுக்கு அவள் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. இப்போது காதில் பிளாஸ்டிக் கம்மல்தான். நான் ஒன்பதாவது படிப்பது அவள் சம்பளத்தில். நம்ம வகுப்பில் இப்படி அக்காவோ அண்ணனோ இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதிப் பேர் தூக்குவோம்.

என் கேள்வி இதுதான். அந்த மூன்று புத்தகத்திலும் ஜொஹரா ஏன் இல்லை? 'வறுமையிலும் விடாமுயற்சியுடன் படித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விடாமுயற்சி அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் வளையல் யாருடையது? 2022-இல் ஜனாதிபதியான திரௌபதி முர்மு அம்மா அதற்கு முன் ஒடிசாவில் இளநிலை உதவியாளராகவும் ஆசிரியையாகவும் வேலை பார்த்தவர். அவர் கதையைப் படித்தாலும், படிக்கும் காலத்தில் யார் கை கொடுத்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன்.

நமக்கான புத்தகத்தை எழுதுவது, வாங்குவது, பரிசுக்குத் தேர்ந்தெடுப்பது எல்லாம் பெரியவர்கள். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. சாகித்ய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் விருது தருகிறது. தமிழில் 2020-இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' அந்த விருதைப் பெற்றன. நல்ல தேர்வுதான். ஆனால் படிக்கிற நம்மை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் புத்தக விருதை 1940-லேயே தொடங்கிவிட்டார்கள்.

"பசங்க பேய்க்கதைக்குத்தான் ஓட்டுப் போடுவாங்க" என்று ஒரு ஐயா சொன்னார். முதல் வருஷம் பேயே ஜெயிக்கட்டும் ஐயா! பேய்க்காகவாவது பத்துப் பேர் படித்திருப்பார்களே.

அக்டோபர் 15 கலாம் ஐயா பிறந்த நாள். 2015-இல் நம் மாநில அரசு அதை இளைஞர் எழுச்சி நாள் என்று அறிவித்தது. மகாராஷ்டிராவில் அதே நாளை வாசிப்பு ஊக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு நாம் ஓட்டெடுப்பு வைக்கலாம். நூலகத்திலிருந்து பத்துப் புத்தகம் வேட்பாளர்கள். சாக்பீஸ் டப்பா ஓட்டுப் பெட்டி. படிக்காதவர்களுக்கு ஓட்டு கிடையாது. புத்தகத்திலிருந்து ஒரு சம்பவத்தையாவது வகுப்பில் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற புத்தகத்தையே அடுத்த ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுக்கும்படி தலைமை ஆசிரியரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரே புத்தகம் மூன்று முறை வராது பாருங்கள்!

என் ஓட்டு 'அக்னிச் சிறகுகள்'க்கு. ராக்கெட்டுக்காக இல்லை, அந்த வளையலுக்காக. அந்தப் பக்கத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "வளையலைத் திருப்பினாரா?" என்று கேட்டாள். "நீயே படிச்சுப் பாரு" என்று கையில் கொடுத்துவிட்டேன். இப்போது கம்பெனி பஸ்ஸில் படித்துக்கொண்டு போகிறாள். அதனால், நூலகப் பொறுப்பு டீச்சர், புத்தகம் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் ஆகும். மன்னிக்கவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி