சளிக்கு எதற்கு அசித்ரோமைசின்?

மூக்கொழுகலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அசித்ரோமைசின் எழுதித் தரும் பழக்கத்தை நம் ஊர் கிளினிக்குகள் இன்னும் விட்டபாடில்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் வாங்கியவருக்கு இது தெரியாததல்ல. தெரிந்தே எழுதுகிறார்கள் என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

கேட்டால் பழி நோயாளி மேல் விழுகிறது. மாத்திரை தராவிட்டால் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுவார்களாம். போகட்டுமே! பத்து நாளில் தானாக அடங்கும் சளி, மூன்று நாள் மாத்திரை முடிகிற நேரத்தில் குறையத் தொடங்கினால் டாக்டருக்குக் ‘கைராசிக்காரர்’ என்று பெயர். அந்தப் பெயருக்கு விலை கொடுப்பவர் டைபாய்டு வந்து படுப்பவர். சிப்ரோஃப்ளாக்சசின் இந்தியாவில் டைபாய்டுக்குப் பெரும்பாலும் பயனற்றுப் போய்விட்டது. வீட்டிலிருந்தே விழுங்கிக் குணமடைய மிஞ்சியிருக்கும் சில மாத்திரைகளில் முக்கியமானது இதே அசித்ரோமைசின். அதையும் தும்மலுக்குத் தீர்த்துவிட்டு, நாளை டைபாய்டு நோயாளிகளை ஊசிக்காக மருத்துவமனையில் படுக்க வைக்கப் போகிறோமா? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019 இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

பரிசோதனைக்கு வசதியில்லை என்பது இன்னொரு சாக்கு. தொண்டை வலிக்கு முதலில் ஒரு டார்ச் விளக்கும் கழுத்தைத் தடவிப் பார்க்கும் விரல்களும் போதும். இருமல் இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெண்படலம், கழுத்தில் வலியோடு நெறி கட்டியிருப்பது ஆகியவை சேர்ந்திருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். இல்லையென்றால், ‘இரண்டு மூன்று நாள் பாருங்கள், மூச்சுத் திணறினாலோ காய்ச்சல் தணியாவிட்டாலோ உடனே வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பலாம். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்குகிறீர்கள்.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. இந்திய மருத்துவ அமைப்புகள் 2012 இல் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்குத் திட்டம் வகுத்ததே ‘சென்னைப் பிரகடனம்’ என்ற பெயரில்தான். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணைப்படி, செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி பெயர்களையும் அளவையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் எழுதும்போது காரணத்தையும் சீட்டில் குறிக்குமாறு மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் கடிதம் எழுதியது. உங்கள் வீட்டில் கிடக்கும் கடைசிச் சீட்டை எடுத்துப் பாருங்கள், காரணம் எழுதியிருக்கிறதா? சீட்டே தராமல், பெயர் தெரியாத மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கும் கிளினிக்குகளை என்னவென்று சொல்வது!

இது இன்றே திருந்த வேண்டும். ஒவ்வோர் ஆன்டிபயாடிக் பெயருக்கும் பக்கத்தில் நோயின் பெயர் இருக்க வேண்டும். உறையில் மாத்திரை தருபவர், மருந்தின் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் அதன் மேலேயே எழுதித் தர வேண்டும். மறுப்பவர்களை மருத்துவக் கவுன்சில் அழைத்து விசாரிக்க வேண்டும். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்கக் கேரளம் 2024 இல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று திடீர்ச் சோதனையில் இறங்கியது. நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, எச்1 பதிவேடுகளை மாவட்டவாரியாகக் கடைசியாக எப்போது புரட்டிப் பார்த்தது, எத்தனை கடைகள் மேல் நடவடிக்கை எடுத்தது என்பதை மக்கள் முன் வைக்கட்டும்.